வலது புருவத்துக்கு மேலே கறுத்த கோடு

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் மூக்கில் ஃபிரேமை மாட்டி, காதோரம் சரிசெய்து, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர்கள் தங்கள் முகத்தோடு அவள் முகத்தையும் பார்ப்பார்கள்.

அவளுக்கு இயற்கையிலேயே மெல்லிய புருவம். அழகுக்கலை படித்த நாத்தனார்தான், "சும்மா படுங்க அண்ணி, அப்புறம் மை தீட்டுற வேலையே இருக்காது" என்று பச்சை குத்திவிட்டாள். வலது புருவம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. ஏறிய இடத்தின் மேல் தோல் நிற மையை வைத்து அன்றே மறைத்தாள் நாத்தனார். அதை இருவரும் சுத்தமாக மறந்தே போனார்கள்.

வருடங்கள் போகப் போகப் புருவம் செங்கல் நிறத்துக்கு மாறியது. "துரு பிடிச்சிருச்சு போல" என்றான் பம்பு ரிப்பேர் செய்யும் கணவன். சிரித்தபடியே லேசர் வைத்து அழிக்கப் போனாள்.

"புருவத்தைத் தவிர வேற ஏதாவது மை வெச்சிருக்கீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல டாக்டர்."

கண்களை மூடி மேலே உலோக மூடி வைத்தார்கள். ரப்பர் வளையத்தைச் சுண்டிவிட்டதுபோல டப் டப்பென்று அடி விழுந்தது. முடி கருகும் நாற்றம். வலது பக்கம் முடிந்ததும் மூடியை எடுத்தார்கள். தோல் வெள்ளையாகப் பொங்கியிருந்தது. "கொஞ்ச நேரத்துல அடங்கிடும்" என்றார் டாக்டர்.

வெள்ளை அடங்கியது. புருவத்துக்கு மேலே, விரல் அகலத்துக்கு, தார் பூசியதுபோல ஒரு கறுப்புக் கோடு எழுந்து நின்றது.

அவள் கண்ணாடியைப் பார்த்தபடி துடைத்துப் பார்த்தாள். வரவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். டாக்டர் அவள் கையைப் பிடித்தார்.

"தோல் நிறத்துல மை வெச்சிருந்தாங்களா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஆமா டாக்டர், மேல ஏறுன இடத்துல" என்றாள்.

"அந்த மையில வெள்ளைப் பொடி கலந்திருக்கும். லேசர் பட்டா சட்டுனு கறுத்துடும்." டாக்டரின் முகமும் வெளுத்திருந்தது. "ஓரமா ஒரு புள்ளி அடிச்சுப் பார்த்துட்டு மேல போயிருக்கணும். அவசரப்பட்டுட்டேன்."

பிறகு மெதுவாக வழிகளைச் சொன்னார். மறுபடி மறுபடி லேசர் வைத்தால் அந்தக் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம். உப்புக் கரைசலை ஊசியால் இறக்கினால் மை மேலே வரும், ஆனால் புண்ணாகி ஆற வேண்டும். வெட்டித் தைத்தால் ஒரே நாளில் போகும், தழும்பு நிற்கும், புருவமும் இழுத்துக்கொள்ளலாம்.

எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை. கைக்குட்டையால் நெற்றியை மூடிக்கொண்டு பஸ் ஏறினாள். அடிபட்டவள் என்று நினைத்து யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.

கதவைத் திறந்த கணவன், "யாரு உனக்கு இன்னொரு புருவம் வரைஞ்சது?" என்று ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை விழுங்கினான்.

சேதி கேட்டு நாத்தனார் ஓடிவந்தாள். பார்த்தவுடன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி... நான் வெச்சதா?"

"நீ வெச்சதுதான். டாக்டர் கேட்டப்போ எனக்குத்தான் ஞாபகம் வரல."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதே மையை நான் நிறைய பேருக்கு வெச்சிருக்கேன், அண்ணி."

அதைக் கேட்டபோது, தன் நெற்றியைப் பார்த்தபோது திடுக்கிட்டதைவிட அதிகமாகத் திடுக்கிட்டாள் அவள். "போனை எடு" என்றாள். அந்தச் சாயங்காலம் முழுக்க நாத்தனார் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டாள். "அக்கா, புருவத்துல லேசர் வெக்கிறதா இருந்தா மொதல்ல என்கிட்ட கேளுங்க" என்றாள். ஒரு பெண் மட்டும், "அடுத்த வாரம்தான் போறதா இருந்தேன்" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் லேசரையே தேர்ந்தெடுத்தாள். இந்த முறை ஒரு புள்ளியை அடித்து, சில வாரம் காத்திருந்து, அதன்பிறகுதான் டாக்டர் கை வைத்தார். கோடு கொஞ்சமாவது மறையட்டும் என்று கடையில் அகலமான ஃபிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றாள். கோடு சாம்பல் நிறமானது, பிறகு மங்கியது. முழுதாகப் போகவில்லை. வெயிலில் நின்றால் இன்றும் தெரியும்.