செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

அந்த பஸ்ஸில் அவருக்குக் ‘கறார் அக்கா’ என்றுதான் பெயர். பதினோரு வருடமாகக் கண்டக்டர் வேலை. ஒருமுறை தையற்காரரான புருஷனே தையல் மெஷினோடு ஏறியபோது, முகத்தில் சிரிப்பே இல்லாமல் மெஷினுக்கும் சேர்த்து டிக்கெட் கொடுத்தவர். மனுஷன் அதை இன்றும் விருந்தாளிகளிடம் சொல்லிக் காட்டுவார்.

அவர்கள் வீடு கால்வாயை ஒட்டிய தெருவில் இருந்தது. தெருக் கிணறுகளுக்கு ஊற்று அந்தக் கால்வாய்தான். சின்ன மகள் ஒரே வருடத்தில் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைதோறும் பரிசோதனைக்குக் கால்வாய்த் தண்ணீர் எடுக்கும் தன்னார்வலர்களோடு அக்காவும் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஆனால் முடிவு ஒவ்வொரு முறையும் ‘பரவாயில்லை’ என்றே வந்தது. தொடர்ந்து ஆறு தடவை அப்படி வந்தால் பரிசோதனைக்கூடம் அந்தக் கால்வாயைச் சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ஐந்து முடிந்துவிட்டது.

அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அவருடைய முதல் நடை பஸ் காலை ஆறே முக்காலுக்குப் பாலத்தடியில் போய் நின்று திரும்பும். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே நுரை மிதக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். சனிக்கிழமை போய்ப் பார்த்தால், ‘இந்தப் பூனையும் பால் குடிக்குமா’ என்பதுபோல் தண்ணீர் சாதுவாக ஓடும். இதைக் குழுவை நடத்தும் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமை எடுத்தாலும் கூடம் வாங்கிக்கொள்ளும், ஆனால் அந்த நேரத்துக்கு யார் போவது என்று அவர் கேட்டார். பஸ் அங்கே பத்து நிமிடம் நிற்கும், எனக்கு அது போதும் என்றார் அக்கா.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் நின்றதுதான் தாமதம், அக்கா கால்வாய்ப் படிகளில் இறங்கி ஓடினார். நுரை இருந்தது! இத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டவர் அன்று அந்த நாற்றத்தைக் கண்டு குதிக்காத குறைதான். விரல் உள்ளே படாமல் மூடியைத் திறந்து, ஓட்டத்துக்கு எதிராகப் பாட்டிலைச் சாய்த்து நிரப்பினார். அழியாத மைப் பேனா வீட்டிலேயே தங்கிவிட்டது. கையில் இருந்த ஜெல் பேனாவால் பாட்டிலில் ஒட்டிய சீட்டில் நேரத்தை எழுதி, அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். மேலே ஹாரன் விடாமல் அலறியது.

“என்னம்மா, கால்வாயையே மொண்டுட்டு வந்துட்டியா?” என்றார் டிரைவர்.

“ஒரு பாட்டில்தாண்ணே. மிச்சத்த உங்களுக்கு விட்டு வச்சிருக்கேன்.”

பெட்டி இருக்கைக்கு அடியில் போனது. காய்கறி விற்கும் அம்மாவின் கூடைக்கு அப்போதுதான் டிக்கெட் போட்டிருந்தார். அந்தம்மா சும்மா விடுவாரா?

“என் கூடைக்கு டிக்கெட்டு. உன் பெட்டி மட்டும் என்ன, வீட்டு மாப்பிள்ளையா?”

பஸ்ஸே சிரித்தது. அக்கா டிக்கெட் மெஷினைத் தட்டித் தன் பெட்டிக்கும் ஒரு சுமை டிக்கெட் எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

நடை முடியும் இடத்துக்கு எதிரிலேயே பரிசோதனைக்கூடம். ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பெட்டியைத் திறந்தால், ஐஸ் உருகிச் சீட்டு ஊறிப்போயிருந்தது. நேரம் இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை.

“எடுத்த நேரம் இல்லாம வாங்க முடியாதுக்கா,” என்றாள் அங்கிருந்த பெண். “நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். ஆனா எழுத்து வேணுமே. சனிக்கிழமை கொண்டாங்க.”

சனிக்கிழமை வந்தால் ஆறாவது ‘பரவாயில்லை’யும் வந்துவிடும். அதோடு கதை முடிந்தது. அந்தப் பெண்ணைத் திட்டவும் அக்காவுக்கு வாய் வரவில்லை. ‘டிக்கெட் இல்லையா, இறங்கு’ என்று பதினோரு வருடமாகச் சொல்பவர் அவர். டிக்கெட் என்று நினைத்ததும் கை சட்டைப் பைக்குப் போனது.

பாலத்தடி நிறுத்தம். சுமை ஒன்று. தேதி. நேரம் 6.54. எல்லாம் அச்சில் இருந்தது.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போய் அதிகாரியைக் கூட்டி வந்தாள். அவரும் பார்த்தார், சிரித்தார், டிக்கெட்டைப் பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லாத நேரத்தில் பரிசோதனைக்கூடத்துப் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, எண்ணவே முடியல. சோதனைத் தட்டு முழுக்கக் கிருமிதான். உங்க கால்வாய் பட்டியல்லயே இருக்கும். இனி செவ்வாய்க்கிழமையும் எடுக்கச் சொல்லிட்டாங்க. தெருவுல எல்லாரையும் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லுங்க.”

அக்கா விசிலை எடுத்து, நிறுத்தமே இல்லாத இடத்தில் ஊதிவிட்டார். டிரைவர் பதறிப்போய் பிரேக்கை அழுத்தினார். விஷயம் தெரிந்ததும் பஸ்ஸே கைதட்டியது.

“நேத்து நான் வாயக் குடுக்கலன்னா இது நடந்திருக்குமா?” என்றார் காய்கறி அம்மா. “அப்போ இன்னைக்குக் கூடைக்கு டிக்கெட் வேணாம், இல்ல?”

கறார் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மெஷினைத் தட்டினார்.