பூக்காத பெங்களூர்ப் புல்

எங்கள் வீட்டில் புல்லுக்கு மரியாதை இருந்ததே இல்லை. திருத்தணி மலைக்குப் பின்னால் இரண்டு ஏக்கரில் கரும்பு போட்டிருந்த குடும்பம். கோரையும் அருகும் பிடுங்கிப் பிடுங்கியே அம்மாவின் விரல்கள் கறுத்துப்போயிருந்தன. அந்த வீட்டுக்குத்தான் அத்தை ஒரு புல்லைக் கொண்டுவந்தாள். அதுவும் பெயின்ட் வாளியில் மண் போட்டு, பெங்களூரிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு. எனக்கு அப்போது எட்டு வயது.

அத்தை, என் நைனாவின் ஒரே தங்கை. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்தவள், ஒருநாள் ஒரு பெட்டியும் அந்த வாளியுமாக வந்து இறங்கினாள். மாமா கூட வரவில்லை. அவள் முழங்கைக்கு மேல் நீளமாக ஒரு சூட்டுக் காயம் இருந்தது. இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது என்றாள். அதற்குப் பிறகு நான் வெகுகாலம் இஸ்திரிப் பெட்டியின் பக்கமே போகவில்லை.

புல்லுக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்ததாம். நர்சரிக்காரர் சொன்னதை அத்தை மறந்துவிட்டாள். அழகுக்கு வளர்ப்பது, ஒருமுறை வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும், வெள்ளையாகப் பூக்கும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். எங்கள் பசு ஆசையாக ஒரு வாய் இழுத்துப் பார்த்தது. இலையின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். நாக்கைச் சுழற்றிக்கொண்டு போனது, அந்தப் பக்கம் மறுபடி வரவே இல்லை.

"மாடு துன்னாத புல்ல நட்டு வளக்கற மொத ஆளு நீதாம்மா" என்றார் நைனா. சொன்னாரே தவிர, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் குழி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

நான் அத்தைக்கு எடுபிடி. தினமும் இரண்டு குடம் ஊற்றிவிடத் துடிப்பேன். "ஊத்தி ஊத்தியே கொன்னுடாதடி, அதுக்கு வெயிலு போதும்" என்பாள். அவள் சொன்னபடியே அது வெயிலைக் குடித்து வளர்ந்தது. ஆறு மாதத்தில் என் உயரம். பிறகு அத்தையின் உயரம். காற்று வந்தால் அந்தப் புதர் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து ஒரே பக்கம் நிமிரும். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்று இரண்டு முறை பஸ்ஸை விட்டிருக்கிறேன்.

பங்குனியில் அது காய்ந்து பழுப்பானது. அத்தை கைகளில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கத்தரிக்கோலால் ஒவ்வொரு தாளாக வெட்டினாள். நைனா கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய்க் கரும்பு வெட்டும் கத்தியை எடுத்துவந்தார். "நவுரு. இதுவும் கரும்பு ஜாதிதான்." முழங்கால் உயரத்துக்கு மொட்டையாகச் சீவித் தள்ளிவிட்டார். நான் கொலை நடந்ததுபோல் அழுதேன். பதினைந்தே நாளில் அந்த மொட்டைக்குள்ளிருந்து பச்சை ஊசிகள் கிளம்பின. ஒரு சொட்டு உயிரும் இல்லாத கட்டையிலிருந்து அத்தனை பச்சை எப்படி வந்தது என்று வாயைப் பிளந்து பார்த்தேன். ஆனாலும் நைனாவை நான் மன்னிக்கவில்லை.

இதற்கிடையில் ஊருக்கு ஒரு கேள்வி இருந்தது. எதிர்வீட்டு அக்கா தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் கேட்பாள். "இன்னாம்மா, எப்போ உன் ஊட்டுக்குப் போற?"

அத்தை சிரித்துக்கொண்டே சொல்வாள். "இந்தப் புல்லு பூக்கட்டும்க்கா, போறேன்."

மாமா வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்தபோதும் அதையேதான் சொன்னாள். அவர்கள் நைனாவைப் பார்த்தார்கள். சொன்ன சொல் மாறாதவர் என்று நைனாவுக்கு ஊரில் பெயர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவ சொல்ட்டா. பூ வரட்டும், நானே இட்டுகினு வந்து உடறேன்." வந்தவர்கள் வெளியே போய்ப் புதரைச் சுற்றிப் பார்த்தார்கள். ஐப்பசிக்குள் பூத்துவிடும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு திருப்தியாகப் போனார்கள். அன்று முதல் மலை உச்சி விளக்கைப் பார்த்து, 'முருகா, அந்தப் புல் பூக்கவே கூடாது' என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

முருகன் கேட்டுக்கொண்டான் போலும். அந்த ஐப்பசியில் புல் பூக்கவில்லை. அடுத்த ஐப்பசியிலும் பூக்கவில்லை. பக்கத்துக் கொல்லைக் கரும்பெல்லாம் பூத்து நின்றது, இது மட்டும் பச்சையாகவே இருந்தது. பெரியவர்கள் ஆள் அனுப்பிக் கேட்பதும், வந்த ஆள் புதரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவதும் வழக்கமாகிவிட்டது.

மூன்றாவது வருஷம் எதிர்வீட்டு அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடி யாரிடமோ சொன்னாள். "வாழாவெட்டி வச்ச புல்லு பூக்குமாடி?" அது அத்தையின் காதில் விழுந்துவிட்டது. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுதலை மாற்றிவிட்டேன். 'முருகா, அது பூக்கணும், அத்தையும் போகக் கூடாது.' இப்படி இரண்டையும் ஒன்றாகக் கேட்கலாமா என்று ஒரு சந்தேகம் இருந்தது. இருந்தாலும் கேட்டுவைத்தேன்.

புரட்டாசியில் ஒரு விடியற்காலை. முகம் கழுவ வெளியே வந்தேன். நைனா கேட்டருகே குனிந்து நின்றிருந்தார். கைகளில் சாக்குச் சுற்றியிருந்தார். தாள்களை விலக்கி, நடுவில் பருத்து எழுந்த தண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் பார்த்து அறுத்துக்கொண்டிருந்தார். பூ உள்ளே சுருண்டிருக்கும் தண்டுகள். அறுத்ததைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்த்துவிட்டு, எருக்குழிக்குப் போனார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கரும்பு பூத்தால் சோடை போய்விடும், எடை நிற்காது என்று அவர் சலித்துக்கொள்வதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! பூவைக் கண்டாலே ஆகாத மனுஷன். மூன்று வருஷமாக அத்தையின் புல்லை வஞ்சித்திருக்கிறார். ஓடிப்போய் அத்தையிடம் மூச்சு வாங்கச் சொன்னேன்.

அத்தை என் தலையைக் கோதினாள். "தெரியும்டி. மொத வருசத்துலருந்தே தெரியும். நீ பாத்தேன்னு நைனாகிட்ட சொல்லிக்காத."

அவள் கண் கலங்கியிருந்தது. அண்ணனிடம் இவ்வளவு பயமா என்று எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. நைனாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அவர் பாட்டுக்கு விடியலில் எழுந்து கேட்டருகே போய்க்கொண்டுதான் இருந்தார்.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் நைனாவும் அத்தையும் வெளுத்த துணி உடுத்தி, இந்த மூன்று வருஷமாக அவ்வப்போது போய்வரும் கோர்ட்டுக்குப் போனார்கள். மத்தியானம் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தார்கள். "இனிமே அந்த ஆளு நம்ம வாசப்படி மெறிக்கமாட்டான்" என்று சொல்லி அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டு ஜாங்கிரி கிடைத்தது.

மறுநாள் விடியலில் நைனா கேட்டருகே போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. கத்தி தாழ்வாரத்து எரவாணத்தில் செருகியபடியே இருந்தது.

ஐப்பசி பாதியில் புல் பூத்தது. எப்படிச் சொல்வது? முதல் நாள் நாலைந்து பட்டு நூல் நுனிகள்தான் தெரிந்தன. ஒரு வாரத்தில் முப்பது நாற்பது பூக்கதிர்கள், ஒவ்வொன்றும் என் கையளவு நீளம், நைனாவின் தலைக்கு மேலே. காலை வெயில் பின்னாலிருந்து பட்டபோது அத்தனையும் வெள்ளியாக எரிந்தது. அதன் பின்னால் மலையே மங்கித் தெரிந்தது. இவ்வளவும் இத்தனை நாள் அந்தப் பச்சைக்குள்ளேயா இருந்தது! கிருத்திகைக்கு ஆந்திராப் பக்கமிருந்து வந்தவர்கள் எங்கள் கேட்டருகே நின்று "எந்த பாகுந்தம்மா!", எவ்வளவு அழகு என்று தெலுங்கில் சொல்லிக் கன்னத்தில் கைவைத்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது.

எதிர்வீட்டு அக்காவும் வந்தாள். "பூத்துடுச்சே! அப்போ எப்பம்மா போற?"

அத்தை வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். "எங்க போவணும் அவ? இதான் அவ ஊடு. புல்லு இனிமே வருசா வருசம் பூத்துகினுதான் கெடக்கும்."

சொன்ன சொல்லை நைனா மாற்றியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வீம்புக்காரர் கடைசியில் ஒரு புல்லிடம் தோற்றார் என்று எனக்கு ஒரே குஷி.

கேட்ட இரண்டையும் கொடுத்த முருகனுக்கு நன்றி சொல்ல, அந்த வெள்ளிக்கிழமையே குடும்பத்தோடு மலை ஏறினோம். படிக்குப் படி கும்பிட்டுக்கொண்டு முன்னால் ஓடினேன். பின்னால், கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கையால் முழங்காலை ஊன்றி, மூச்சு வாங்க ஏறிவந்துகொண்டிருந்த நைனாவோடு, அன்றைக்கும் நான் பேசவில்லை.