ஓரகத்தி எடுத்த பாடங்கள்

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் அனுப்ரியா வேலை பார்க்கும் பாலர் பள்ளியில், பேசாத பிள்ளை வந்தால் அவள் வகுப்புக்குத்தான் அனுப்புவார்கள். இந்த வருடம் தனுஷிகா வந்திருக்கிறாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் அனுப்ரியாவின் சட்டை நுனியைத்தான் இழுப்பாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் அனுப்ரியா நாற்பது வயதுக்கு மேல் பகுதிநேரமாக உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தாள். கடைசி வருடம் குழந்தைகள் ஆலோசனை மையத்தில் பயிற்சி எடுக்கலாம். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அதே தவணையில் ஓரகத்தி சங்கீதாவும் சேர்ந்தாள்.

"நீங்க படிக்கப் போறீங்கன்னு கேட்டதும் எனக்கும் ஆசை வந்துடுச்சுக்கா."

அனுப்ரியா சிரித்துவைத்தாள். இவள் சோபா வாங்கினால் சங்கீதா அதைவிட நீளமான சோபா வாங்குவாள். சங்கீதாவின் மீன் குழம்பைப் புகழ்ந்து முடித்துவிட்டு மாமியார், "அனு வைக்கிறதும் நல்லாத்தான் இருக்கு" என்பார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

கட்டாயப் பாடங்கள் இருந்தவரை பிரச்சினையில்லை. மூன்றாம் வருடம் பாடங்களை அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அனுப்ரியா முதலில் குறித்தது குழந்தை வளர்ச்சி உளவியல், சனிக்கிழமை வகுப்பு. சங்கீதா நிறுவன உளவியலும் நுகர்வோர் உளவியலும் எடுத்திருப்பது தெரிந்ததும், தன்னுடையதை நீக்கிவிட்டு அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

"உனக்கு எதுக்கு இது? கம்பெனிக்கு ஆள் எடுக்கிற படிப்பு லா" என்றார் கணவர் தனசேகரன்.

"அவ சும்மா எடுப்பாளா? எதையாவது கணக்குப் போட்டிருப்பா. உங்க தம்பி பெண்டாட்டிய உங்களுக்குத் தெரியாது."

கடைசி வருடத் திட்டம் போட ஓரகத்திகள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்தார்கள். அனுப்ரியா பயிற்சியைத் தேர்ந்தெடுத்தாள். திரை ஏற்க மறுத்தது. குழந்தை வளர்ச்சி உளவியல் முடித்தவர்களுக்கு மட்டும் என்றது.

சங்கீதா எட்டிப் பார்த்தாள். "இத நீங்க எடுக்கலையா? நீங்கதானே சின்னப் பிள்ளைங்க டீச்சர்?"

"நீ எடுக்கலையே" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"நான் ஆபீஸ்ல எச்.ஆர். எனக்கு எதுக்குக்கா அது?"

"சரி, நீ யாரைக் கேட்டு ப்ளான் பண்ண? அதையாச்சும் சொல்லு."

சங்கீதா பக்கத்து மேசையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சிரிக்கக் கூடாது. எனக்கு ஏழரைச் சனி. சனிக்கிழமை தவறாம கோயில்ல எள் விளக்குப் போடணும்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. அதனால சனிக்கிழமை கிளாஸ் இல்லாததா பாத்து எடுத்தேன். சைக்காலஜி படிச்சிக்கிட்டு இதைப் போய் யார்கிட்ட சொல்றது?"

அனுப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊழியர் தேர்வு முறைகளை அவள் ராப்பகலாக மனப்பாடம் செய்தது இவளுடைய சனிக்காகவா? அதிலும் சங்கீதாவுக்குத்தான் அதிக மதிப்பெண்.

"வேற ஏதாச்சும் எடுத்து என்னோடயே முடிச்சிடுங்கக்கா. நம்ம பட்டமளிப்பு போட்டோ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டணும்னு அத்தை ஹால்ல ஆணிகூட அடிச்சிட்டாங்க."

சங்கீதாவின் படமும் பக்கத்தில் வெற்று ஆணியும் அனுப்ரியாவின் கண்ணுக்குள் வந்தன. ஒவ்வொரு தீபாவளிக்கும் உறவினர்கள் அந்த ஆணியைப் பார்ப்பார்கள். யாராவது கேட்பார்கள். மாமியார் பதில் சொல்வார். 'வேற ஏதாச்சும்' என்று எடுத்தால் அந்த ஆணி நிறையும், ஆனால் தனுஷிகா சட்டையை இழுக்கும்போது ஊழியர் தேர்வு முறையையா சொல்வது?

பயிற்சியை ஒரு வருடம் தள்ளிப்போட்டாள். சனிக்கிழமை வகுப்பில் பெயரைப் பதிந்தாள். இம்முறை திரை ஏற்றுக்கொண்டது.

"அப்ப நான் முதல்ல முடிச்சிடுவேனேக்கா" என்றாள் சங்கீதா. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னாள். அதுவும் பிடிக்கவில்லை அனுப்ரியாவுக்கு.

"முடி. ஆணிதான் காத்துக்கிட்டு இருக்குல்ல." ஆறிப்போன தேநீரைக் குடித்தாள். "உனக்கு ஏழரை எப்ப முடியுது?"

"வர்ற பெயர்ச்சியோட முடிஞ்சிடும்க்கா."

அதுவும் இவளுக்குத்தான் முதலில் முடிகிறது என்று நினைத்துக்கொண்டாள் அனுப்ரியா.