மூன்றாம் நாளும் எழுதிய அக்கி

நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதில் எனக்கு வருத்தமும் இல்லை, போன வருஷம் வரை யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நானே பாதியில் எழுந்து போயிருப்பேன். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்தாறு வருஷம் நட்டு போல்ட்டு எண்ணியவன். எண்ணிப் பார்க்க முடியாதது எதுவும் கிடையாது என்பதுதான் என் கட்சி.

என் மனைவி கமலாவுக்கு முதுகில் அக்கி வந்தது. இடது தோளுக்குக் கீழே தொடங்கி விலா வரை பதினேழு கொத்துக் கொப்புளம். டாக்டர் தந்த மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தேன், அதை மறைக்கவில்லை. ஆனாலும் ஒன்பது நாளாக அவளுக்குத் தூக்கமில்லை, புடவைத் தலைப்பு பட்டாலே அலறினாள். பத்தாம் நாள் கஞ்சியையும் தள்ளிவிட்டு, "போதும்ங்க, என்னை விட்டுடுங்க" என்றாள். நாற்பத்து நான்கு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை.

ஐயப்பன்தாங்கலில் எங்கள் குடியிருப்பைப் பெருக்கும் செல்விதான் ஓர் அம்மாளை அழைத்து வந்தாள். குயவர் வீட்டார் காவிமண்ணைக் குழைத்து அக்கியைச் சுற்றி எழுதினால் அடங்கும் என்பார்களே, அப்படி எழுதுகிறவள், நேற்று ஆவடி, முந்தாநாள் பூந்தமல்லி என்று நடந்துகொண்டே இருக்கிறவள். கையில் ஒரு கிண்ணம், ஒரு கோழி இறகு.

"எனுக்கு எழுதத் தெரியாது சார்," என்றாள் எடுத்த எடுப்பில். "எங்க ஊட்டுக்காரர்தான் எழுதுவாரு. அவரு தவறிப் பூட்டாரு. நான் இறகைப் புடிச்சிகினா போதும், வந்துடுவாரு."

பித்தலாட்டம் என்று முடிவுகட்டி எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காலை ஏழு மணி, நல்ல வெயில். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இறகு கொப்புளங்களைச் சுற்றி நூல் பிடித்தாற்போல் ஓடியது, அவளோ யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா எழுதுய்யா, அந்தம்மாவுக்கு எரியப்போவுது. இன்னா அவசரம், பஸ்ஸு புடிக்கணுமா?" சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

இருபத்தொரு கோடு. கமலா ஒருமுறைகூட அலறவில்லை. அந்த அம்மாள் போனபிறகு, "தோள்ல கையை வச்சிக்கிட்டே இருந்தாங்களே, சில்லுனு இருந்துச்சு" என்றாள். நம்பினால் நம்புங்கள், அந்த அம்மாளின் இடக்கையில் கிண்ணம், வலக்கையில் இறகு. நான் கண்ணை எடுக்கவே இல்லை.

அன்று பகல் முழுக்கக் கமலா தூங்கினாள். மறுநாளும் எழுதியபின் இரண்டு இட்லி சாப்பிட்டாள். மூன்றாம் நாள் எரிச்சல் சுத்தமாக இல்லை. வாசலில் வந்து நின்றவளைக் கும்பிட்டு, "குணமாயிடுச்சும்மா, இனிமே எழுத வேணாம்" என்றேன்.

"சந்தோசம் சார்," என்றாள். முகம் சுண்டிவிட்டது, காலும் நகரவில்லை. "அக்கி கீற ஊட்டுக்குத்தான் சார் அவரு வருவாரு. இல்லாங்காட்டி நான் ஒண்டியாத்தான் சுத்திகினு கீறேன்."

எனக்கு உறைக்கவில்லை. உள்ளேயிருந்து கமலாதான் கூப்பிட்டாள். "ஏங்க, வழியை விடுங்க. எனக்கு இன்னும் எரியுது."

"எங்க எரியுது?"

"உங்க தலையில. அவங்களை உள்ள விடுங்க."

முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அன்று அதட்டல் இல்லை. இறகு ஒரே ஒரு கோடு போட்டது, அதற்குப் பதினெட்டு நிமிஷம் ஆயிற்று. அந்த அம்மாளின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காவியில் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு கமலாவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காப்பிகூட வேண்டாமென்று போய்விட்டாள்.

அவள் இருப்பிடம் செல்விக்கும் தெரியவில்லை. நன்றி சொல்ல வேண்டும் என்று பஸ் டிப்போ பக்கம், மாங்காடு கோயில் பக்கம் எல்லாம் பதினொரு தடவை தேடிவிட்டேன், அகப்படவில்லை. கமலா இன்று மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு பேரையும் மனதில் கும்பிடுகிறேன். இரண்டு பேர் என்றுதான் சொல்கிறேன்.

ஒன்றுதான் இன்னும் என்னைக் குடைகிறது. அந்த ஒற்றைக் கோடு முடிகிறபோது ஓர் ஆண்குரல் தன் தோளுக்குப் பின்னால் பேசியதாகக் கமலா சொல்கிறாள். ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்ன பேசியது என்று கேட்டால், "அது அவங்களுக்குச் சொன்னதுங்க" என்று முடித்துவிடுகிறாள். என் தொந்தரவு தாங்காமல் ஒருநாள், எத்தனை வார்த்தை என்று மட்டும் சொன்னாள்.

நான்கு.