ஆடாமல் நில்

எங்கள் பக்கம் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். ஆணா பெண்ணா, சுகப்பிரசவமா ஆபரேஷனா, எவ்வளவு எடை. முதல் இரண்டுக்கும் உண்மையைச் சொன்னேன். மூன்றாவதற்குப் பொய். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகள் ஒன்றரைக் கிலோதான் இருந்தாள். "ரெண்டு கிலோ" என்றேன். அதற்கே, "எலிக்குஞ்சாட்டம்ல இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

தேனியில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்த நாட்களில், காலையில் நர்ஸ் வந்து சொல்லும் எடை ஒன்றுதான் எனக்குக் கிடைத்த பிள்ளை. கொஞ்சம் ஏறியிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். குறைந்திருந்தால் தண்ணீர்கூட இறங்காது. அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

ஏழாம் நாள் முடி இறக்கி, அந்த முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்வது எங்கள் வழக்கம். இவளுக்கு அது வீட்டுக்கு வந்த பிறகுதான் நடந்தது. நகைக்கடைத் தராசில் வைத்தால் முள் அசைவேனா என்றது. "நல்லதாப் போச்சு, என் தம்பிக்குச் செலவு மிச்சம்" என்று நாத்தனார் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

என் கணவருக்குக் கம்பத்தில் திராட்சைக் கமிஷன் கடை. லோடு ஏறியதும் தராசு சும்மாதானே கிடக்கும்? பழம் அடுக்கும் கிரேட்டில் துண்டை விரித்து, அவளைப் படுக்க வைத்து வாரா வாரம் நிறுத்தேன். நிற்கத் தெரிந்த பிறகு நிற்க வைத்து நிறுத்தேன். "ஆடாம நில்லு, ஆடுனா நம்பர் ஓடும்" என்பேன். கையிரண்டையும் உடம்போடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"இவ என்ன பன்னீர் திராட்சையா, வாரம் தவறாம நிறுக்க?" என்று கணவர் சலித்துக்கொள்வார்.

குழந்தை டாக்டரம்மாவும் சொல்லிப் பார்த்தார். "பொறந்த எடையப் பாத்து அன்னைக்கு நாங்க பயந்தது சரிதான். இப்ப நடக்குறா, பேசுறா, கேட்டதுக்கு வெடுக்குன்னு பதில் சொல்றா. அதப் பாருங்கம்மா. இவ ஒல்லிவாகு, அம்புட்டுதான்."

தலையை ஆட்டிவிட்டு, வரும் வழியிலேயே கடைக்குப் போய் நிறுத்தேன். சோற்றுத் தட்டும் கையுமாக அவளைத் தெருத் தெருவாகத் துரத்தினேன். அவள் முதன்முதலாக நடந்த வாரம் எட்டரைக் கிலோ இருந்தாள். எங்கே நடந்தாள் என்பதைக் கணவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கடைவாசலிலாம், காலிக் கிரேட்டைப் பிடித்துக்கொண்டு. நானும் அங்கேதான் இருந்திருக்கிறேன்.

இந்த வருடம் அவள் ஒன்றாம் வகுப்பு. போன மாதம் தராசில் ஏறியவள் ஏறக்குறைய அரைக் கிலோ கூடியிருந்தாள். கடை அதிரச் சிரித்தேன். "ஏங்க, இங்கன வாங்க, வந்து பாருங்க!" என்று கூப்பிட்டேன். அவளும் என் முகத்தையே பார்த்துச் சிரித்தாள்.

இறங்கும்போது கவுன் பாக்கெட்டில் ஏதோ 'டங்'கென்றது. கையை விட்டேன். மின்விசிறிக் காற்றில் பில்கள் பறக்காமல் இருக்க மேசையில் வைத்திருக்கும் பழைய இரும்பு எடைக்கற்கள், இரண்டு.

"எதுக்குத்தா இது?"

"ஏறுனாத்தான நீ சிரிப்ப."

"முந்தியும் வச்சிருக்கியா?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.

இத்தனை நாளும் நான் சிரித்ததில் அவளுக்காக எத்தனை, இரும்புக்காக எத்தனை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிழைக்குமா என்று பயந்த பிள்ளை பிழைத்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போய்வந்து என் முன்னால் நின்றிருக்கிறது. அதைப் பார்த்து ஒரு நாளாவது சும்மா சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

கணவர் கற்களை வாங்கி மேசையில் வைத்தார். எனக்குத் தாங்கவில்லை. குனிந்து அவளை வாரித் தூக்கி நெஞ்சோடு அணைத்தேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. கையிரண்டையும் உடம்போடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் இருந்தாள்.

"எம்புட்டும்மா இருக்கேன்?" என்று கேட்டாள்.