அது யோசிக்குது

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த கையோடு, தெம்பனிஸில் எங்கள் வீட்டு ஹாலில் ஆரம்பித்த கூத்து இது.

அப்பா ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில் எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய பொருளை அப்படியே விட்டுவைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ரொம்பச் சூடாகிறது என்று மேல் தகட்டில் சாஸர் அளவுக்கு வட்டமாக ஓட்டை போட்டு, ஒரு பெரிய காற்றாடியை மாட்டினார். பொத்தானைப் பிடுங்கிவிட்டு, கப்பலில் இருக்கிற மாதிரி கனத்த சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினார். அதைப் போட்டால் 'டக்'கென்று பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். என் தோழிகள் பார்த்துச் சிரித்த சிரிப்பில், அவர்களை வீட்டுக்கு அழைப்பதையே நிறுத்திவிட்டேன்.

அம்மா தவறிய பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். ஜூரோங் வீட்டிலிருந்து அம்மாவின் படமும் அந்தப் பெட்டியும் வந்தால் போதும் என்றார். அதில் ஒரு பழைய சதுரங்க ஆட்டம் இருக்கிறது. காலையில் பசியாறியதும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரு காயை நகர்த்துவார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பி, "அது யோசிக்குது" என்பார். நிஜமாகவே யோசிக்கும். நான் போய்க் காப்பி கலக்கி எடுத்து வரும்வரை யோசிக்கும்.

அந்த நேரத்தில் அப்பா கதை சொல்லுவார். எல்லாம் அம்மா கதைதான். நான் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவள். கண் லேப்டாப்பில் இருக்கும், வாய் 'ம்' கொட்டும். முக்கியமான மீட்டிங் நேரத்தில் அவர் ஆரம்பித்தால் எரிச்சலாகக்கூட வரும். 'பீப்' சத்தம் கேட்டதும் பாதிக் கதையில் திரும்பிக்கொள்வார். கதை எங்கே நின்றது என்று நானும் கேட்டதில்லை.

ஆயுத பூஜைக்குக் கத்தரிக்கோல், தையல் மிஷின் எல்லாவற்றோடும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மறுநாள் காலை மறுபூஜை என்று இன்னொரு தடவை தாராளமாகத் தெளித்துவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் எந்த வழியாக உள்ளே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'டக்' என்றது, கருகிய வாடை வந்தது, அவ்வளவுதான்.

"சாமி கும்பிட்டதுல கெட்டுப்போகுமா? வேற ஏதோ கோளாறு லா" என்று அப்பா சாதித்தார். ஆனால் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. புது டேப்லட்டில் சதுரங்கம் போட்டுக் கொடுத்தேன், தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அணைந்த திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

பெட்டியை டாக்சியில் ஏற்றிக்கொண்டு கடை கடையாக அலைந்தேன். எல்லோரும் தூக்கிப் போடச் சொன்னார்கள். கடைசியில் ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடியில், பழைய கம்ப்யூட்டர்களை மட்டுமே பழுதுபார்க்கும் ஒரு சீனப் பெண்மணி கிடைத்தார். என் வயதுதான் இருக்கும். பெட்டியைத் திறந்ததும், மதர்போர்டு போய்விட்டது, மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறது என்றார். அப்பா வெட்டி ஒட்டிய பெட்டிக்குள் சரியாக உட்காரக்கூடிய இரண்டு போர்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று அந்தக் காலத்திலேயே கடைசியாக வந்தது, நல்ல வேகம். மற்றது எங்களுடையதைப் போலவே ஆமை.

"உங்க அப்பா இதுல என்ன செய்வார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"செஸ் மட்டும்தான்."

"அப்ப எதுன்னாலும் ஓகே லா."

வேகமானது கையில் இருக்கும்போது எந்தப் பைத்தியக்காரி ஆமையை வாங்குவாள்? வயதான மனிதர், இனியாவது காத்திருக்காமல் ஆடட்டும் என்று நினைத்தேன். பெருமையாக வேறு இருந்தது.

பெட்டி வீட்டுக்கு வந்தது. அதே சுவிட்ச், அதே ஆட்டம். அப்பாவின் முகம் மலர்ந்தது. காயை நகர்த்தினார். கையை எடுக்குமுன் 'பீப்'. திரும்ப நகர்த்தினார், திரும்ப 'பீப்'. நாற்காலியை என் பக்கம் திருப்ப அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. அவசர அவசரமாக ஆடித் தோற்றார். அடுத்தடுத்த நாட்களிலும் அதேதான்.

வீடு அமைதியாகிவிட்டது. மீட்டிங்கெல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்தது. ஆனால் எனக்கு என்னவோ போல இருந்தது. ஒரு நாள் நானே லேப்டாப்பை மூடிவிட்டு, "அப்பா, அம்மா எஸ்கலேட்டர்ல ஏறாம நின்ன கதை பாதியில நிக்குதே" என்றேன்.

"அதுக்கு ஏதும்மா நேரம், இது விட்டாத்தானே" என்றார் திரையைப் பார்த்தபடியே. பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது வேற ஆளும்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா சும்மா உட்கார்ந்து பேசுகிற மனிதர் இல்லை. அந்தப் பெட்டி யோசித்த நேரம்தான் அவர் என்னோடு பேசிய நேரம். அதைத்தான் நான் வேகம் என்ற பெயரில் கழற்றி எறிந்திருக்கிறேன்.

பெட்டியோடு மறுபடியும் ஜாலான் புசார். விற்ற பொருளை மாற்றித் தர முடியாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. ஆமை போர்டையோ, கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்த தன் சொந்தக் கம்ப்யூட்டரில் மாட்டி, அழகாக ஓடவிட்டிருந்தார் அந்தப் பெண்மணி. கேட்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என் அப்பாவும் அப்படித்தான். மாஜோங் ஆடுறப்ப, காய்களைக் கலைக்கிற நேரத்துல மட்டும்தான் எங்ககிட்ட பேசுவார்" என்றார். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அலமாரிக் கம்ப்யூட்டரை நிறுத்தி, போர்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

எங்கள் பெட்டியின் நெற்றியில் இருந்த சந்தனப் பொட்டை அவர் துடைக்கவில்லை. மேல் ஓட்டைக்கு அளவாக ஒரு ஐஸ்கிரீம் டப்பா மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்து, "சாமி கும்பிடுற அன்னிக்கு மட்டும் இதை வச்சு மூடச் சொல்லுங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாள் காலை அப்பா பசியாறிவிட்டு உட்கார்ந்தார். 'டக்'. ஒரு காயை நகர்த்தினார். திரை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல நாற்காலியைத் திருப்பினார்.

"அது யோசிக்குது" என்றார். "எங்க விட்டேன்?"

"அம்மா எஸ்கலேட்டர் முன்னால செருப்பைக் கழட்டிக் கையில எடுத்தாங்க."

"ஆமா. கோயில்னு நினைச்சுட்டாளோன்னு நான் கேட்டேன், அதுக்கு உங்கம்மா முறைச்சா பாரு..."

இப்போதும் அந்த நாற்காலி திரும்பும் சத்தம் கேட்டால், எந்த வேலை இருந்தாலும் லேப்டாப்பை மூடிவிடுகிறேன். அப்பாவுக்காக யோசித்துக்கொண்டிருக்கும் அந்தப் பழைய பெட்டி, எனக்காகவும்தான் இவ்வளவு மெதுவாக யோசிக்கிறது.