நாற்பத்தொரு 'ம்'

இது நடந்தது. நம்பாதவர்கள் ஜெலாப்பாங்குக்குப் போய் யுகேந்திரனையே கேட்கலாம். அவன் கதவைத் திறப்பானா என்பது வேறு. அது தொடங்கியது இரவில்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை, மதியம் 2.10.

தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்தவன் அவன். அக்கா புஷ்பலதாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டான். அவளுக்கு வலப்பக்கம் போனது, பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே சத்தம், முடிவில் ஒரு சின்ன விக்கலோடு. பசிக்குதா? ம். ஃபேன் போடவா? ம். அக்கா என்று அவனுக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

வீட்டிலிருந்தே ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்தான். வேலை கொடுத்தவர் திருக்குமரன், ஓய்வுபெற்ற விரிவுரையாளர். சுங்கை சிப்புட் ஊருக்கு மேலே, காட்டுக்குள் வாழும் பூர்வகுடிகளின் கதைகளைச் சேகரிக்கிறவர். அன்றைய பதிவில் உடா என்ற முதியவர் அவர்களுடைய தெமியார் மொழியில் கதை சொன்னார். வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு பெண்குரல் உம் கொட்டியது. யுகேந்திரனுக்குப் புரிந்தது அந்த 'ம்' மட்டும்தான்.

ஃபோன் போட்டான்.

"சார், நடுவுல யாரோ பொம்பள 'ம்' போடுறாங்க."

"ரெக்கார்டர அவர்கிட்ட விட்டுட்டு வந்துட்டேன் தம்பி. வீட்டுல யாராவது இருந்திருப்பாங்க. வெட்டிடுங்க."

"எல்லாமா?"

"எல்லாம். கேக்கிறவங்க போடுற சத்தமும் கதைல சேர்ந்ததுதான், எடுத்தா திரும்ப வராதுன்னாரு கிழவர். அதெல்லாம் பார்த்தா வேல ஓடுமா லா?"

மொத்தம் நாற்பத்தொன்று. வெட்ட ஆரம்பித்தான்.

2.35. பத்து முடிந்தது. "அக்கா, தண்ணி வேணுமா?" உள்ளறையிலிருந்து 'ம்' வந்தது. கொஞ்சம் தாமதமாக.

2.50. இருபது. மறுபடி கேட்டான். சத்தம் தேய்ந்திருந்தது. மழை இரைச்சலில் அமுங்குகிறது என்று நினைத்தான். ஜன்னலைப் பார்த்தான். மழை இன்னும் தொடங்கவில்லை.

3.15. முப்பது. "அக்கா?"

'ம்'... பாதியில் நின்றது. தானாக அடங்கவில்லை. அறுந்தது. அவன் வெட்டும்போது விழுமே, அதே கூர்மையான முனை.

பிரமை என்று சொல்லிக்கொண்டான். முப்பத்தைந்து. நாற்பது.

கடைசி ஒன்று. ஹெட்ஃபோனில் ஓடவிட்டான்.

நீளமான 'ம்'. முடிவில் தொண்டையில் சின்ன விக்கல்...

அந்த விக்கல் அவனுக்குத் தெரியும்.

காது கண்டுகொள்வதற்குள், கை வெட்டிவிட்டது. பழகிய கை.

3.38.

"அக்கா?"

...

"அக்கா!"

ஓடினான்.

அவள் விழித்திருந்தாள். அவனையே பார்த்தாள். உதடுகள் அழுந்தி மூடின. திறந்தன. மூடின.

சத்தம் இல்லை.

வெட்டியதையெல்லாம் கணினியில் திரும்ப ஒட்டிப் பார்த்தான். ஒட்டிய இடமெல்லாம் வெறும் மௌனம். திருக்குமரனிடமிருந்து மூலப் பதிவை வாங்கிக் கேட்டான். முதியவர் பேசுகிறார், நிறுத்துகிறார், பேசுகிறார். இடையில் ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து திருக்குமரன் கூப்பிட்டார்.

"உடாவோட மக கிட்ட விசாரிச்சேன் தம்பி. அன்னிக்கு அவரு தனியாத்தான் இருந்தாராம்."

யுகேந்திரன் ஃபோனைக் கீழே வைத்தான். அப்போது மணி 2.10. கட்டிலில் அக்காவின் உதடுகள் அழுந்தி மூடின. சிறிது நேரம் காத்திருந்தாள், யாரோ ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கட்டும் என்பதுபோல். மறுபடி மூடின.

எண்ணினான். நாற்பத்தொன்று.

இன்றுவரை தினமும் நடக்கிறது. யார் கதை சொல்கிறார்கள் என்று ஒருநாள் அவளிடம் கேட்டான்.

'ம்' என்று சொல்லக்கூட அவளிடம் ஒன்றும் இல்லை.